வெட்டுக்கு ஒரு சொல்

இன்று வைர மோதிரம் வாங்கப் போகிறவர்களிடம் கடைக்காரர் நான்கு சொற்களை ஒப்பிக்கிறார். கட், கலர், கிளாரிட்டி, காரட். ஆங்கிலத்தில் இவை நான்கும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் நினைவில் நிற்கும் என்று அமெரிக்க மணியியல் கழகத்தார் கருதினர். தமிழில் எழுதினாலும் நான்கும் ககர வரிசையிலேயே வந்து விழுகின்றன. மொழிபெயர்ப்பாளருக்கு இத்தகைய அதிருஷ்டம் அபூர்வமாகவே வாய்க்கும்.

இந்த நான்கில் மூன்றுக்கு நம்மிடம் பழைய சொற்கள் உண்டு. எடைக்கு மஞ்சாடி உண்டு. நிறத்தை நால்வகை வருணமாகப் பிரித்துவைத்த மணிநூல் மரபு உண்டு. குற்றத்துக்கோ ஒரு சிறு அகராதியே உண்டு. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரையின் மணிக்கடைத் தெருவை நடந்து காணும் கோவலனுக்கு முதலில் தென்படுவது வைரம். காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் நான்கு குற்றமும் நீங்கிய வைரம் என்று இளங்கோவடிகள் அதை அறிமுகப்படுத்துகிறார். காக்கைக் கால் போன்ற கீறல், உள்ளிருக்கும் கறை, புள்ளி, கோடு. இன்றைய சோதனைக் கூடத்தார் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியால் தேடுவதும் ஏறத்தாழ இவற்றைத்தான். (மணியின் உள்ளே பார்க்கத் தெரிந்த அந்த ஊரில், ஒரு சிலம்பின் உள்ளே இருப்பது என்ன பரல் என்று பார்க்காமலே ஓர் உயிர் போனது என்பது வேறு கதை.)

ஆனால் வெட்டு? பட்டை, சாணை என்னும் சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. ‘பட்டை தீட்டிய வைரம்’ பேச்சு வழக்கிலேயே உண்டு. அவை தொழிலின் பெயர்களே. நல்ல வெட்டையும் தீய வெட்டையும் பிரித்துச் சொல்ல, குற்றங்களுக்கு இருப்பது போன்ற ஒரு சொற்றொகுதியை நான் படித்த பழைய நூல்களில் காணவில்லை. இந்த இன்மைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் ஒரு பகுதி சென்னைக் கடற்கரையில், ஜார்ஜ் டவுனுக்கும் கோவளத்துக்கும் இடையில் கிடக்கிறது.

வைரம் இயற்கையில் பெரும்பாலும் எண்முகப் படிகமாகக் கிடைக்கிறது. இரண்டு கூம்புகளை அடியோடு அடி சேர்த்து ஒட்டியது போன்ற வடிவம். எட்டுப் பலகை, ஆறு கோணம், பன்னிரண்டு தாரை என்று நம் மணிநூல்கள் நல்ல வைரத்துக்குச் சொல்லும் இலக்கணம் இந்த இயற்கைப் படிகத்தின் இலக்கணமே. முழுமை கல்லோடு பிறந்தது, மனிதன் அதில் சேர்ப்பதற்கு ஏதுமில்லை என்பது அந்தப் பார்வை. அகத்தியர் பெயரில் வழங்கும் ‘அகத்திமதம்’ என்னும் வடமொழி மணிநூல், வெட்டியும் தேய்த்தும் உருக்குலைந்த வைரம் தன் நற்பலனை இழந்துவிடும் என்றே எச்சரிக்கிறது. புதிதாக வாங்கும் வைரத்தை இரண்டு மூன்று நாள் வீட்டில் வைத்திருந்து, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. அந்த வழக்கத்தின் வேர் இந்த நூல்களில் இருக்கிறது என்பது என் எண்ணம். கல்லுக்கு ஒரு குணம் உண்டென்றால், அதை அறுப்பது குணத்தை அறுப்பதாகும்.

பதினேழாம் நூற்றாண்டில் கோல்கொண்டாச் சுரங்கங்களுக்கு வந்த பிரெஞ்சு வணிகர் தவேர்னியே, இந்தியச் சாணைக்காரர் வேலை செய்வதை நேரில் கண்டு எழுதியிருக்கிறார். குற்றமற்ற கல்லானால் இயற்கையான முகங்களைச் சற்றே மெருகிடுவதோடு நிறுத்திக்கொள்வார்கள்; எடை குறைந்துவிடும் என்று வடிவத்தில் கை வைக்கமாட்டார்கள். குற்றம் இருந்தால் மட்டும் அதன்மேல் சிறுசிறு பட்டைகளை நிறைய இட்டு மறைப்பார்கள். அதாவது, பட்டை மிகுந்த கல் ஐயத்துக்குரிய கல்! இன்றைய வாங்குபவரின் நம்பிக்கைக்கு நேர் எதிர். ஐரோப்பியச் சாணையின் மெருகு இன்னும் உயிருள்ளது என்றும் தவேர்னியே சேர்த்துக்கொள்கிறார். அவர் விற்பனையாளர் என்பதையும் நாம் மறக்க வேண்டாம்.

1665 நவம்பரில் ஔரங்கசீப்பின் அவையில் அவருக்குக் காட்டப்பட்ட பெருவைரம் ஏறத்தாழ 280 காரட். வெட்டுவதற்கு முன் அது ஏறக்குறைய 800 காரட் இருந்ததாக அவர் கணக்குச் சொல்கிறார். வெட்டியவர் ஹொர்த்தென்சியோ போர்ஜியோ என்னும் வெனீசியர். இவ்வளவு எடையை வீணடித்ததற்காக அவருக்குக் கூலி கொடுக்கப்படவில்லை; மாறாக 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. ஐரோப்பிய வாசகர் இதைக் கீழைநாட்டு மன்னரின் கொடுமை என்று படித்திருக்கக்கூடும். எடையே செல்வம் என்று கருதும் ஓர் அரசின் கருவூலத்தில் நின்று பார்த்தால், மூன்றில் இரண்டு பங்கைத் தூளாக்கியவனைத் தண்டிப்பதில் முரண் ஏதுமில்லை.

இதே இழப்பு, இன்னும் நாற்பது ஆண்டு கழித்து, லண்டனில் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. அந்தக் கல் சென்னை வழியாகப் போனது.

அக்காலத்துச் சென்னை வைரச் சந்தையின் நினைவு ஒரு தெருப்பெயரில் மிஞ்சியிருக்கிறது. முத்தியாலுப்பேட்டையின் பவழக்காரத் தெரு, மத்தியதரைக் கடலிலிருந்து பவழம் கொண்டுவந்து இங்கிருந்து வைரம் வாங்கிப்போன யூத வணிகர்களைக் குறிக்கிறது. இவர்கள் போர்த்துகீசிய வழியினர். லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் உறவினரை உடையவர்கள். 1687இல் இறந்த ஜாக் தெ பைவா, கோல்கொண்டாச் சுரங்கங்கள் வரை சென்று நேரடியாகக் கொள்முதல் செய்தவர். 1688இல் சென்னை மாநகராட்சி தோன்றியபோது அதன் பன்னிரண்டு உறுப்பினர்களில் மூவர் யூதர்கள் என்பது, இந்த வணிகம் நகருக்கு எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதைக் காட்டும். நம் பாடநூல்களில் சென்னையின் தொடக்கம் துணியோடு முடிந்துவிடுகிறது. கல்லைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

1698இல் புனித ஜார்ஜ் கோட்டைக்கு ஆளுநராக வந்த தாமஸ் பிட், கம்பெனி வேலையோடு தம் சொந்த வணிகத்தையும் செய்தார். 1701 நவம்பர் 6ஆம் நாள் அவர் லண்டனுக்கு எழுதிய கடிதத்தோடு ஒரு கல்லின் மாதிரி உருவம் போகிறது. எடை 303 மஞ்சாடி, அதாவது 426 காரட் என்கிறார். நம் மஞ்சாடி, ஐரோப்பியர் வாயில் ‘மேங்கெலின்’ ஆகிவிட்டது. தண்ணீர் போன்ற தெளிவு, ஓரத்தில் ஒன்றிரண்டு சிறு குற்றங்கள். அவையும் மேற்பரப்பிலேயே இருப்பதால் வெட்டும்போது போய்விடும் என்று எழுதுகிறார். இந்தக் கடைசிக் குறிப்பை நாம் நின்று கவனிக்க வேண்டும். இளங்கோவடிகளின் மணிக்கடையில் குற்றம் கல்லின் தலையெழுத்து. பிட்டின் கண்ணில் அது கழித்துவிடக்கூடிய ஒரு செலவு. அவர் பார்த்தது கையில் இருந்த கல்லை அன்று. அதனுள் இருந்து வரப்போகும் இன்னொரு கல்லை.

ஜாம்சந்த் என்னும் பெருவணிகர் முதலில் கேட்ட விலை இரண்டு லட்சம் வராகன். பேரம் மாதக்கணக்கில் நடந்து 48,000 வராகனுக்கு முடிந்தது. அன்றைய கணக்கில் 20,400 பவுன். சுரங்கத்து அடிமை ஒருவன் தன் காலைக் கிழித்து அதற்குள் கல்லை ஒளித்துக் கடத்தினான் என்று ஒரு கதை உலவுகிறது. எல்லாப் பெரிய வைரங்களுக்கும் இத்தகைய இரத்தக் கதை ஒன்று ஒட்டிக்கொள்கிறது. பிட்டின் கணக்கில் உள்ளது பேரம் மட்டுமே. எனினும் கல்லை முறைகேடாகப் பறித்தார் என்ற பேச்சு அவரை விடவில்லை. 1710இல் ஊர் திரும்பும் வழியில் நார்வேயின் பெர்கன் நகரில் தங்கி, வாங்கிய விதத்தை விளக்கி ஒரு சாட்சிப் பத்திரமே எழுதிவைத்தார்.

1702இல் அவர் மகன் ராபர்ட் அதை லண்டனுக்குக் கொண்டுபோனார். வெட்டுவதற்கு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. 410 காரட் என்று பின்னாளில் குறிக்கப்பட்ட அந்தக் கல், முடிவில் ஏறத்தாழ 140 காரட் ஆயிற்று. கழிந்தது மூன்றில் இரண்டு பங்கு. வெனீசியருக்கு அபராதம் பெற்றுத்தந்த அதே விகிதம். 1717இல் பிரான்சின் அரசப் பிரதிநிதியாக இருந்த ஆர்லியன் கோமகன் அதை 1,35,000 பவுனுக்கு வாங்கினார். ‘ரீஜென்ட்’ என்ற பெயரோடு இன்று அது பாரீஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2025 அக்டோபரில் அங்கே புகுந்த கொள்ளையர், அரச நகைகள் பலவற்றை அள்ளிச் சென்றபோதும் இதை விட்டுவிட்டே போனார்கள்.

இனி கோவளம். பிட் ஊர் திரும்பிய பத்தாண்டுக்குள், சென்னைக்குத் தெற்கே இந்த மீனவ ஊரில் இன்னொரு கம்பெனி இறங்கியது. இன்றைய பெல்ஜியம் அன்று ஆஸ்திரியப் பேரரசரின் ஆட்சியில் இருந்தது. அங்கிருந்து புறப்பட்ட வணிகர்கள் 1719 வாக்கில் கோவளத்தில் ஒரு பண்டகசாலை அமைத்தனர். 1722இல் பேரரசர் ஆறாம் சார்லஸ் அவர்களுக்குப் பட்டயம் தந்தார். துறைமுகத்தின் பெயரால் அது ஆஸ்டெண்ட் கம்பெனி. பணமும் நிர்வாகமும் பெரும்பாலும் ஆன்ட்வெர்ப் நகரத்துடையவை. வைரம் வெட்டுவதில் அதற்குள்ளாகவே பல தலைமுறை கண்ட நகரம் அது. கோவளத்திலிருந்து கப்பலேறியது முதன்மையாகத் துணிதான், அதை மிகைப்படுத்தக் கூடாது. ஆனால் கல் கிடைக்கும் கரையும் கல் வெட்டும் நகரமும் ஒரே கணக்குப் புத்தகத்துக்குள் வந்த இடம் இது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்தக் கம்பெனியின் முடிவும் ஒரு திருமண வீட்டுச் செய்தி போன்றது. சார்லசுக்கு ஆண் வாரிசு இல்லை. மகள் மரியா தெரேசா பட்டத்துக்கு வருவதை ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஏற்க வேண்டும். அவர்கள் கேட்ட விலை, போட்டிக்கு நின்ற இந்தக் கம்பெனியை மூடுவது. 1727இல் நிறுத்திவைக்கப்பட்டு, 1731ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையோடு அது ஒழிந்தது. கோவளம் ஒருவகையில் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த சீதனம்! 1736இல் அவள் மணந்த பிரான்சிஸ், மறு ஆண்டே தஸ்கனிக்கு அதிபதியாக, மெதிச்சி குடும்பத்தின் மஞ்சள் வைரமும் ஹாப்ஸ்பர்க் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 137 காரட், தவேர்னியே ஃபிளாரன்சில் பார்த்து வரைந்துவைத்த அதே ‘ஃபுளோரன்டைன்’. முதல் உலகப் போரோடு காணாமற் போனதாக நூறாண்டு நம்பப்பட்டது, கனடாவின் ஒரு வங்கிப் பெட்டகத்தில் பத்திரமாக இருப்பதாக அந்தக் குடும்பத்தார் 2025 நவம்பரில் தெரிவித்தனர். அது ரோஜா வெட்டு என்னும் பழைய பாணியில் இருபுறமும் வெட்டப்பட்டது, 126 பட்டைகள் கொண்டது.

கோவளத்தில் கம்பெனிக் கட்டடத்தின் சிதைவுகளுக்கு அருகில் நவாப் அன்வருதீன் கான் பின்னர் ஒரு கோட்டை கட்டினார். பிரெஞ்சுக்காரர் அதைக் கைப்பற்றினர். 1752இல் கிளைவ் அவர்களிடமிருந்து பறித்துத் தகர்த்தார். அந்தப் பகுதியில் இப்போது உல்லாச விடுதி இருக்கிறது. சுற்றுலாப் பிரசுரங்கள் ‘டச்சுக் கோட்டை’ என்று எழுதி எளிதாக முடித்துவிடுகின்றன.

வெட்டின் வரலாற்றில் இந்தியக் கல்லுக்கு நேர்ந்த மிகப் பெரிய வழக்கு கோஹினூர். 1849இல் பத்து வயதுச் சிறுவனான துலீப் சிங்கிடமிருந்து பெறப்பட்டு, 1851இல் லண்டன் கண்ணாடி மாளிகைப் பொருட்காட்சியில் வைக்கப்பட்டது. மக்கள் வரிசையில் நின்று பார்த்து ஏமாந்தார்கள், அது ஒளிரவில்லை. சுற்றிலும் விளக்கு வைத்துப் பார்த்தார்கள்; அப்போதும் பெரிய பயனில்லை. மறு ஆண்டு, இளவரசர் ஆல்பர்ட்டின் மேற்பார்வையில், ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த கைவினைஞர்கள் 38 நாளில் அதை மீண்டும் வெட்டினார்கள். செலவு 8,000 பவுன். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 191 காரட் இருந்த கல் 105.6 காரட் ஆயிற்று. கல்லைத் திருப்பிக் கொடு என்று நாம் கேட்கிறோம். கேட்பது நியாயமே. ஆனால் ரஞ்சித் சிங்கின் கையணியில் இருந்த கல்லை எவராலும் திருப்பித் தர முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தியச் சாணைக்காரருக்கு ஒளியைப் பற்றித் தெரியவில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. அவர் வெட்டியது இன்னொரு வெளிச்சத்துக்காக. பின்புறம் மெல்லிய தகடு வைத்து அடைத்துக் கட்டிய தட்டையான கல், எண்ணெய் விளக்கடியிலும் முற்றத்து வெயிலிலும் பாலாடை போன்ற சீரான ஒளியைத் தரும், மின்னாது, நிற்கும். நம் பாட்டிமாரின் அடைப்புக் கட்டுத் தோடுகளில் அந்த அழகின் எச்சத்தைக் காணலாம். மின்னலை வேண்டியவர்கள் ஐரோப்பிய விருந்துக் கூடத்து மெழுகுவத்திகளின் கீழே நடனமாடியவர்கள்.

அந்த மின்னலுக்குக் கணக்கு எழுதியவர் மார்செல் தோல்கோவ்ஸ்கி. ஆன்ட்வெர்ப் வைரக் குடும்பத்துப் பிள்ளை. 1919இல், இருபது வயதளவில், லண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூல் இன்றைய வட்ட வெட்டுக்கு அடிப்படை. வைரத்துக்குள் போன ஒளி, கீழ்ப்பட்டையின் செங்குத்துக் கோட்டிலிருந்து 24 பாகைக்கு மேல் சாய்ந்து மோதினால் வெளியேற முடியாது; கண்ணாடியில் பட்டது போலத் திரும்பிவிடும். எனவே கீழ்க்கூம்பின் சாய்வைச் சரியாக வைத்தால், மேலே நுழைந்த ஒளி இருமுறை திரும்பி மேலேயே வரும். கூம்பு தட்டையானால் ஒளி அடியில் ஒழுகும். ஆழமானால் பக்கத்தில் ஒழுகும். அவர் கணக்கிட்ட கோணங்கள் கீழே 40.75 பாகை, மேலே 34.5 பாகை. மேலே 33, கீழே 24 என 57 பட்டைகள். அரைப் பாகை ஒரு கல்லின் முகத்தை மாற்றிவிடுகிறது.

வெட்டு என்பது வடிவம் என்றே பலரும் எண்ணுகிறார்கள்: வட்டமா, சதுரமா, நீள்வட்டமா என்று. அது வெறும் புறவரை. எடையை எவ்வளவு விட்டுக்கொடுத்து ஒளியை எவ்வளவு பெற்றிருக்கிறார்கள் என்பதே வெட்டு. ஒவ்வொரு கல்லுக்குள்ளும் ஜாம்சந்தும் பிட்டும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள் எனலாம்.

நமக்கு இதில் என்ன? நிச்சய தாம்பூலம் என்ற பெயரே சொல்வது போல், நம் வழக்கில் மாறியது வெற்றிலை. கணையாழி நம் இலக்கியத்தில் அடையாளப் பொருள். சீதைக்கு அனுமன் காட்டியது போல. மோதிரம் மாற்றிக்கொள்வது கிறித்தவக் குடும்பங்களில் இருந்த முறை. அது வைரமாகவே இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பியதில் 1947இல் டி பியர்ஸ் விளம்பரத்துக்கு ஒரு பெண் எழுதிக் கொடுத்த ஒற்றை வரிக்குப் பெரும் பங்குண்டு. இப்போது கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடற்கரை விடுதிகளில் மோதிரம் மாற்றும் மேடைகள் போடப்படுகின்றன. தாம்பரம் பக்கத்து நகைக்கடைகளில் என் பழைய மாணவர்கள் ஆண்டுச் சேமிப்பைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். என்ன வாங்கினாய் என்றால் வரும் விடை ‘முப்பது சென்ட் சார்’, ‘ஐம்பது சென்ட் சார்’. எடை மட்டும். ‘ப்ளூ ஜாகர்’ என்று தாய்மார்கள் பெருமையோடு சேர்ப்பதும் உண்டு. அது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்து நீலச் சாயல் கல்லின் பெயர் என்பதும், அந்தச் சுரங்கம் மூடிப் பல்லாண்டு ஆயிற்று என்பதும் விற்பவருக்கே நினைவில்லை.

எடையை மட்டும் கேட்பவருக்கு எடையை மட்டும் கொடுப்பது வணிகத்தின் இயல்பு. ஒரு காரட் வட்டக் கல் நன்றாக வெட்டப்பட்டிருந்தால் முகத்தின் குறுக்களவு ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர் இருக்கும். அதே ஒரு காரட் 6 மில்லிமீட்டர் மட்டுமே இருந்தால், மிச்ச எடை அடியில் தொந்தியாக ஒளிந்திருக்கிறது. நாம் அதற்கும் விலை கொடுக்கிறோம், அது நமக்கு ஒளியைக் குறைத்தும் தருகிறது. அமெரிக்கக் கழகத்தார் 2006 முதல் நிறமற்ற வட்டக் கற்களின் சான்றிதழில் வெட்டின் தரத்தையும் குறிக்கிறார்கள். மில்லிமீட்டர் அளவும் அதிலேயே இருக்கும். குற்றங்களின் வரிக்கு முன்பாக அந்த வரியைப் படிக்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு விந்துவுக்கு அஞ்சி, கண்ணெதிரே இருண்டு கிடக்கும் கல்லை வாங்குவது எந்த மணிநூலுக்கும் ஏற்புடையதன்று.

கடையின் கூரை விளக்குகள் எந்தக் கல்லையும் மின்னச் செய்யும்படி பொருத்தப்பட்டவை. மோதிரத்தை வாசல் வரை எடுத்துச் சென்று, நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பார்க்கக் கேளுங்கள். நல்ல கடையில் மறுக்கமாட்டார்கள். நடுவில் சாம்பல் வளையம் தெரிந்தால், அல்லது கல்லினூடே விரலின் தோல் தெரிந்தால், ஒளி அடிவழியே ஒழுகிப் போய்க்கொண்டிருக்கிறது. திருச்சிப் பக்கத்துக் கிராமங்களில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டி வாழ்ந்த குடும்பங்கள் பல உண்டு. சாணையில் கை பழகிய அவர்களிடம் இதற்கு ஒற்றைச் சொல் ஏதேனும் இருக்கக்கூடும். வாசகர்களில் அந்தப் பக்கத்தவர் எவரேனும் இருந்தால் எழுதுங்கள், அகராதியில் சேர்க்கலாம்.